மலைப் பூவை மலையிலேயே விடுங்க, நம்ம வெக்கையில மணக்குற ஆர்க்கிட் இருக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு, கூடத்தைக் கழுவி விட்டுட்டு வந்து உட்கார்ந்து எழுதுறேன். பொறுமையா படிங்க. உடன்பாடு இல்லன்னா கீழே சொல்லுங்க, சண்டை வேணாம்.

நம்ம கோயில்ல பூக்கட்டுற குழுவுல ஒரு அம்மா இருந்தாங்க. கிள்ளான்காரங்க, வயசு எழுபதைத் தாண்டியிருக்கும். அவங்க விரல் வேகத்துக்கு எங்க இளைஞர் குழுவுல ஒருத்தரும் ஈடு கிடையாது. ரெண்டு மாசமா ஆளைக் காணோம். உடம்பு சரியில்லையோன்னு நினைச்சோம். போன வாரம் மகனோட காடியில வந்து இறங்கினாங்க, கையில ஒரு காலி பூச்சட்டி. "தம்பி, இதைக் கோயிலுக்கு எடுத்துக்குங்க. இனி எனக்கு வேணாம். அம்பாளுக்குன்னு வேண்டிக்கிட்டு வச்ச செடி மூணாவது தடவையா செத்துப் போச்சு. என் கை ராசி சரியில்ல. இந்தக் கையால பூத் தொடுக்கவே பயமா இருக்கு" என்றார்கள்.

என்ன செடின்னு கேட்டேன். சிம்பிடியம். கேமரன் மலையில வாங்கின ஆர்க்கிட்.

அவங்க பிறந்ததே கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துல. லயத்து வாசல்ல அவங்க அப்பா நாலைந்து ஆர்க்கிட் தொட்டி வச்சிருந்தாராம். விடியற்காலையில கதவைத் திறந்தா பனியோட சேர்ந்து அந்த வாசம் உள்ள வருமாம். கல்யாணமாகி கிள்ளானுக்கு வந்து ஐம்பது வருஷம் ஆச்சு. மகன் மலைக்குக் கூட்டிட்டுப் போகும்போதெல்லாம் ஒரு தொட்டி வாங்கிட்டு வருவாங்க. முதல் பூ அம்பாளுக்குன்னு வேண்டுதல். ஆனா அந்த முதல் பூ ஒரு தடவையும் வரல. முதல் செடிக்கு ராத்திரியில ஏசி போட்ட அறை, ரெண்டாவதுக்குத் தொட்டியில ஐஸ் கட்டி, மூணாவதுக்குத் தனியா விளக்கு ஏத்தி வேண்டுதல். மூணும் போச்சு.

இந்தப் பதிவு அந்த அம்மாவுக்காக. அவங்களை மாதிரி இன்னும் எத்தனை பேர் மனசுக்குள்ள புழுங்கிட்டு இருக்காங்களோ, அவங்களுக்காகவும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். செடி செத்தது அபசகுனம் இல்ல. அம்பாள் கோபமும் இல்ல, கை ராசியும் இல்ல. வெப்பம். அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்க. கோலாலம்பூர்லயும் கிள்ளான்லயும் பகல்ல 32, 33 டிகிரி. ராத்திரியில நல்ல மழை பெய்ஞ்சாலும் 23, 24க்குக் கீழ இறங்குறது அபூர்வம். கேமரன் மலையில தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல சுமார் 1,400 மீட்டர். அங்க பகலே 22, 23 டிகிரிதான், ராத்திரி 15, 16க்கு இறங்கும். கடைகள்ல பார்க்கிற பெரிய பூ சிம்பிடியத்தோட மூதாதைகள் இமயமலைச் சரிவுகள்லயும் அதை ஒட்டின மலைகள்லயும் இருந்து வந்தவை. மொட்டு வைக்கணும்னா வாரக்கணக்கா 10லிருந்து 14 டிகிரி வரை குளிர்ந்த இரவுகள் அதுக்கு வேணும். அப்படி ஒரு ராத்திரி கிள்ளானுக்கு வந்ததே இல்ல, இனியும் வரப்போறதில்ல.

பகல்ல செடி வெளிச்சத்தை வச்சு சர்க்கரை சேர்க்குது. ராத்திரியில மூச்சு விடும்போது அதுல கொஞ்சம் செலவாகுது. குளிர்ந்த ராத்திரியில செலவு கம்மி, மிச்சம் பிடிச்சு பூவா மாத்தும். நம்ம ஊர் ராத்திரியில சம்பாதிச்சது பூரா அன்னைக்கே செலவாயிடும். மாசக் கடைசியில நம்ம சம்பளம் மாதிரிதான். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இலை பச்சையாவே இருக்கும், நாமளும் "வந்துடும், வந்துடும்"னு காத்திருப்போம். சேமிப்பு கரைஞ்சதும் கிழங்கு சுருங்கி, வேர் அழுகி, போயிடும்.

ஏசி வைக்கலாமேன்னு கேட்பீங்க. மலையில குளிரும் இருக்கு, ஈரமும் இருக்கு, காத்தோட்டமும் இருக்கு. ஏசி குளிரைக் கொடுத்துட்டு ஈரத்தை உறிஞ்சிடும். ஐஸ் கட்டி வேருக்குத்தான் கொஞ்ச நேரம் அதிர்ச்சி கொடுக்கும், சுத்தி இருக்கிற காத்தை மாத்தாது. வாழ வேண்டியது செடி பூரா. (நானும் ஐஸ் வச்சவன்தான். ஒரு சீனப் பெருநாளுக்கு நண்பர் கொடுத்த சிம்பிடியத்தை ஐஸ் வச்சே கொன்னிருக்கேன். அதனால சிரிக்கிற தகுதி எனக்கு இல்ல.)

பெரிய பெரிய இடங்களே இதை ஒத்துக்கிட்டுத்தான் வேலை செய்யுது. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் தமிழ்நாட்டுல தன்னோட தேசிய ஆர்க்கிட் பண்ணையைச் சென்னையில வைக்கல, சேர்வராயன் மலை மேல ஏற்காட்டுல வச்சாங்க. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுல குளிர்பிரதேச ஆர்க்கிட்டுக்குன்னு தனியா குளிரூட்டின கண்ணாடி வீடே கட்டியிருக்காங்க. அங்க குளிரும் ஈரமும் சேர்ந்தே கிடைக்குற மாதிரி இயந்திரம் ஓடுது. அதை நாம அடுக்குமாடி பால்கனியில ஒரு ஐஸ் கட்டியை வச்சு செய்யப் பார்த்தா எப்படி?

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம்.

சில மாசத்துக்கு முன்னாடி ஒரு அன்பர் கோயிலுக்கு ஏழெட்டு ஆர்க்கிட் கொண்டு வந்தார். மலைப்பாதை ஓரத்துல வாங்கினாராம், "கோயில் மரத்துல கட்டி விடுங்க"ன்னார். நல்ல மனசு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா வேரைப் பார்த்தேன். மரப்பட்டையோட பிய்ச்சு எடுத்த வேர். பட்டையில பாசி இன்னும் ஈரமா இருந்துச்சு. அது நர்சரியில வளர்ந்தது இல்ல, காட்டுல இருந்து உரிச்சது. நான் வேணாம்னு சொன்னேன். "சாமிக்குக் கொடுக்கிறதைத் தடுக்க நீ யாரு"ன்னு ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான், அதனாலதான் இங்க பதில் எழுதுறேன்.

நம்ம நாட்டுல 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி, நிரந்தர வனக் காப்பகத்துல இருந்து அனுமதி இல்லாம வனப்பொருள் எடுக்கிறது குற்றம். எல்லை தாண்டி விக்கிறதுன்னா அதுக்கு மேல சைட்டிஸ் ஒப்பந்தம் இருக்கு, ஆர்க்கிட் குடும்பம் முழுக்க அந்தப் பட்டியல்ல அடக்கம். சட்டத்தை விடுங்க. ஒரு ஆர்க்கிட் காயில விதை ஆயிரக்கணக்குல, சிலதுல லட்சக்கணக்குலகூட இருக்கும், தூசி மாதிரி. அந்த விதைக்குள்ள சாப்பாடு கிடையாது. சரியான பூஞ்சை வந்து சேர்ந்தாத்தான் முளைக்கும். முளைச்சு பூக்கிறதுக்கு வருஷக்கணக்காகும். அப்படிப் பிழைச்சு வந்த ஒண்ணை நாம பட்டையோட உரிச்சு, வெக்கைக்கு இறக்கி, ரெண்டே வருஷத்துல சாகடிக்கிறோம். அதுக்குக் காணிக்கைன்னு பேர் வைக்கலாமா?

இலங்கையில ஒரு ஆர்க்கிட் உண்டு. டென்ட்ரோபியம் மக்கார்தியே. மே மாசம் வெசாக் பண்டிகை சமயத்துல பூக்கும், அதனால வெசாக் மலர்னே பேரு. உலகத்துல வேற எங்கேயும் இயற்கையா கிடையாது. காடும் சுருங்கி, அழகுக்காக மனுஷன் எடுத்து எடுத்து, இன்னைக்கு அது அழிவின் விளிம்புல இருக்கு. பண்டிகையின் பேரைத் தாங்கின பூவுக்கே அந்தக் கதி. நாமளும் அதே வழியில போக வேணாம்.

"அப்ப சாமிக்கு எதைத்தான் கொண்டு வர்றது?"

நம்ம கோயில் பூவோட நிலைமையைப் பாருங்க. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலயும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலயும் விக்கிற மல்லி பெரும்பாலும் தமிழ்நாட்டுல இருந்து விமானத்துல வருது. விசேஷ நாள்ல விலையைக் கேட்டா மயக்கம் வரும். மாலையில வச்சுக் கட்டுற ஊதா-வெள்ளை ஆர்க்கிட் நாள் கணக்குல வாடாது, ஆனா வாசம்னு சொல்லிக்க ஒண்ணுமில்ல. பெட்டியில வந்து, பெட்டியில இருந்து மாலைக்குப் போயிடுது. கர்ப்பகிரகத்துல ஊதுபத்தி வாசம் மட்டும் மிச்சம்.

பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூர்ல நந்தவனம் வச்சுப் பூப்பறிச்சார். திருப்புகலூர்ல முருக நாயனாருக்குப் பூத்தொடுக்கிறதே தொண்டு. இவங்க யாரும் தூர தேசத்துப் பூவுக்கு ஆசைப்படல. தன் மண்ணுல எது மணக்குதோ அதை வளர்த்தாங்க. அதைத்தான் நானும் சொல்றேன். மலை ஆர்க்கிட்டை விட்டுட்டு, நம்ம தாழ்நிலத்துல சந்தோஷமா வாழுற வாசனை ஆர்க்கிட்டை வளருங்க. நிறைய இருக்கு. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

டென்ட்ரோபியம் அனோஸ்மம். கொடி மாதிரி கீழே தொங்கும். அனோஸ்மம்னா கிரேக்கத்துல வாசனை இல்லாததுன்னு அர்த்தம். பேர் வச்சவருக்குக் கிடைச்ச மாதிரிச் செடியில வாசம் இல்லையாம். உண்மையில பழ வாசம் வாசல் வரைக்கும் வரும். இலை உதிர ஆரம்பிச்சா பயப்படாதீங்க, தூக்கியும் போட்டுடாதீங்க. தண்ணியைக் குறைச்சிடுங்க. மொட்டைத் தண்டுலதான் வரிசையா பூக்கும்.

ரிங்கோஸ்டைலிஸ் ஜைஜாண்டியா. நரிவால் ஆர்க்கிட்னு சொல்லலாம். பெரும்பாலும் டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வாக்குல பூக்கும், அதாவது நம்ம பொங்கல், தைப்பூச சமயம். எலுமிச்சை மாதிரி ஒரு வாசம். இதோட தங்கச்சி இனத்தை அசாம்ல பெண்கள் பிஹு பண்டிகைக்குக் கூந்தல்ல வச்சு ஆடுவாங்க.

ஃபலனோப்சிஸ் வயலேசியா, ஃபலனோப்சிஸ் பெல்லினா. முதலாவது நம்ம தீபகற்பத்துக் காட்டுல உள்ளது, ரெண்டாவது போர்னியோ. பெரிய செடி இல்ல, நிழலே போதும், அடுக்குமாடிக்காரங்களுக்கு ஏத்தது. பெல்லினாவோட வாசத்துல லினலூல்னு ஒரு பொருள் இருக்கு. நம்ம மல்லியோட வாசத்துலயும் அதுதான் இருக்கு. ஒரு தடவை மணந்தவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

பிரசவோலா நோடோசா. மத்திய அமெரிக்கா பூர்வீகம், ஆனா நம்ம வெப்பத்துக்குச் சளைக்காது. பகல்ல ஒண்ணும் தெரியாது. ராத்திரி விளக்கு வைக்கிற நேரம் தாண்டினா வீடே மணக்கும். அந்துப்பூச்சியைக் கூப்பிடுற வாசம் அது.

வளர்க்கிற விதம் ரொம்பச் சுலபம். மண் வேணாம். கரித்துண்டு, உடைஞ்ச செங்கல் போதும். தேங்காய் மட்டை நம்ம மழையில சீக்கிரம் அழுகிடும், கவனம். காலை வெயில் படட்டும், மத்தியான வெயிலுக்குப் பாதி நிழல் தர்ற வலை. காலையிலேயே தண்ணி ஊத்துங்க. வெள்ளை வேர் நனைஞ்சதும் பச்சையா மாறும், அதுதான் போதும்னு அது சொல்ற அடையாளம். உரம் வாரத்துக்கு ஒரு தடவை, டப்பாவுல போட்ட அளவுல கால்வாசி. சட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீங்க. வேரும் அழுகும், ஏடிஸ் கொசுவும் முட்டை போடும், சுகாதார அதிகாரி வந்தா அபராதச் சீட்டும் கையில கிடைக்கும்.

எங்க வாங்குறது? சுங்கை பூலோவுல வரிசையா நர்சரி இருக்கு. 1930ல தொடங்கின தொழுநோயாளிகள் குடியிருப்பை ஒட்டி, அங்க வாழ்ந்தவங்க செடி வளர்த்து விக்க ஆரம்பிச்சு உருவான இடம் அது. நோயின் பேரால ஊர் ஒதுக்கி வச்ச கைகள் வளர்த்த செடி பல வீட்டு வாசல்ல பூத்திருக்கு. கை ராசின்னு பேசுறவங்க இதையும் நினைச்சுப் பாருங்க. எங்க வாங்கினாலும் "குடுவையில வளர்த்த நாத்தா, காட்டுல எடுத்ததா"ன்னு கேட்டு வாங்குங்க. அமெரிக்காவுல நட்சன் என்பவர் 1922லேயே பூஞ்சை இல்லாம, சர்க்கரை கலந்த கூழ்ல ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்க முடியும்னு காட்டிட்டார். நூறு வருஷம் ஆச்சு. இனியும் காட்டை உரிக்க என்ன அவசியம்?

எதிர்க்கேள்வி ரெண்டு வரும்னு தெரியும்.

ஒண்ணு, பூக்கடைக்காரங்க பிழைப்பு. எல்லாரும் வீட்டுப் பூ கொண்டு வந்தா அவங்க கதி என்ன? கவலைப்படாதீங்க. ஒரு மாலைக்கே நூத்துக்கணக்குல பூ வேணும். வீட்டு ஆர்க்கிட் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை ஒரு கொத்து கொடுக்கும். மாலை கடையிலதான். பாதத்துல வைக்கிற அஞ்சு பூ மட்டும் நம்ம வீட்டுல இருந்து வரட்டும்னுதான் கேட்கிறேன்.

ரெண்டாவது, முகர்ந்த பூவைச் சாமிக்கு வைக்கக்கூடாதுன்னு வீட்டுல சொல்லி வளர்த்திருக்காங்க. வாசனை ஆர்க்கிட் பூத்தா வீட்டுல எல்லாரும் மூக்கை நீட்டத்தானே செய்வோம்? எங்க வீட்டுல ஒரு ஏற்பாடு. ஒரு கொத்து வீட்டுக்கு, ஒரு கொத்து சாமிக்கு. சாமி கொத்துல மொட்டுலேயே ஒரு மஞ்சள் நூல் கட்டிடுவோம். என் சின்ன மகள் நூல் கட்டினதுக்குப் பக்கத்துலகூட போகமாட்டா. இல்லாத கொத்துக்கு முன்னாடிதான் பள்ளிக்கூடம் போற வரைக்கும் நிப்பா. ஆர்க்கிட் அர்ச்சனைக்கு ஆகுமான்னும் சிலர் கேட்பாங்க. ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு வழக்கம் இருக்கு, உங்க குருக்களைக் கேட்டுட்டுச் செய்யுங்க. ஆனா வாசமே இல்லாத பெட்டிப் பூவை மாலையில ஏத்துக்கிட்ட நாம, வீட்டுல வளர்ந்த வாசப் பூவை வேணாம்னு சொல்லக் காரணம் எனக்குத் தெரியல.

மறுபடியும் அந்த அம்மாகிட்ட வர்றேன்.

காலிச் சட்டியை வாங்கி வச்சுட்டு, அவங்களைக் கோயில் பின்பக்கம் இருக்கிற மழைமரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கிளை மேல புல் மாதிரி கொத்துக் கொத்தா தொங்குது. யாரும் நடல. "அது என்ன தம்பி, புல்லுருவியா?"ன்னு கேட்டாங்க. இல்லம்மா, அதுவும் ஆர்க்கிட்தான். டென்ட்ரோபியம் குருமெனாட்டம். மலாய்க்காரங்க அங்கெரிக் மெர்பாத்தினு சொல்வாங்க, புறா ஆர்க்கிட். சாலையோர மரத்துலகூட தானா வளரும், மரத்தை உறிஞ்சாது, ஒட்டிக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான். வெள்ளைப் பூ, நல்ல வாசம், ஒரே நாள்தான் ஆயுசு.

அது பூக்கிற கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அதோட மொட்டு ஓரளவு வளர்ந்ததும் அப்படியே தூங்கிடும். வெக்கையான நாள்ல திடீர்னு பெரிய மழை வந்து, வெப்பம் சட்டுனு அஞ்சு டிகிரி போல இறங்கினா, அந்தக் குளிர்ச்சியில முழிச்சுக்கும். அதுல இருந்து சுமார் ஒன்பதாவது நாள், அந்த மழை நனைச்ச வட்டாரத்துல இருக்கிற எல்லா மரத்துலயும் ஒரே காலையில பூக்கும். இதுக்கும் குளிர் வேணும்தான். ஆனா கேமரன் மலைக் குளிர் வேணாம். நம்ம சாயங்கால மழை கொடுக்கிற அந்தக் கொஞ்சக் குளிரே போதும். கிடைக்கிற குளிரை வச்சே பூக்கத் தெரிஞ்ச செடி.

அந்த அம்மா மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "ஐம்பது வருஷமா நானும் இந்த வெக்கையிலதான் இருக்கேன்"ன்னு மட்டும் சொன்னாங்க. எங்க வீட்டு அனோஸ்மத்துல இருந்து ஒரு கிளைக்கன்றை அவங்க காலிச் சட்டியிலேயே கரி போட்டு வச்சுக் கொடுத்தேன். வேண்டுதல் எதுவும் வைக்காதீங்கம்மா, முதல்ல வேர் பிடிக்கட்டும்னு சொல்லி அனுப்பினேன். இன்னைக்குப் பூக்கட்ட வந்திருந்தாங்க. செடியைப் பத்தி ஒண்ணும் பேசல. ரெண்டு மாலை கட்டினாங்க.

உங்ககிட்ட நான் கேட்கிறது மூணுதான். மலைக்குப் போனா ஆர்க்கிட்டை அங்கேயே பார்த்து, மணந்து, படம் எடுத்துட்டு வாங்க. காட்டுல உரிச்ச செடியை விலைக்கும் வாங்காதீங்க, கோயிலுக்கும் கொண்டு வராதீங்க. வீட்டுல வளர்த்த செடி செத்துப்போச்சுன்னா சாமி மேலயும் பழி போடாதீங்க, உங்க கை மேலயும் போடாதீங்க, அதுக்கு ஏத்த இடம் இது இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டு வேற செடி வைங்க.

இன்னொண்ணு. அடுத்த பெரிய மழைக்கு நாள்காட்டியில ஒரு குறி போடுங்க. ஒன்பதாவது நாள் காலையில வேலைக்குப் போற அவசரத்துலயும் ஒரு நிமிஷம் சாலையோர மரத்தை நிமிர்ந்து பாருங்க. பூத்திருந்தா கீழே வந்து எந்த ஊர், எந்தத் தெருன்னு எழுதுங்க. பறிக்க வேணாம்.